சுபாஜினியின் ஒப்படைகள்

என் தங்கச்சி சுபாஜினி உயர்தரம் படித்த வருடம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக் கேபிளை வெட்டியவன் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. தை மாதம் முதலாம் திகதி கம்பியைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டேன். அந்த வருடம் முழுக்க அவள் ஒரு கலியாணவீட்டுக்கும் போகவில்லை. பெரியப்பா செத்தபோது நாலு வீடு தள்ளிப் பறை அடித்துக்கொண்டிருக்க, அவள் அறைக்குள் கணக்கியல் கொப்பியோடு இருந்தாள். பிரேதம் எங்கள் ஒழுங்கையால் போகிற நேரம், படலையடியில் நின்று ஒருக்கால் பார்த்துவிட்டு வரட்டோ என்று கேட்டாள். சோதினைக்கு இன்னும் நாற்பத்தொரு நாள்தான் இருக்கிறது என்றேன். அவள் எழும்பவில்லை.

பெறுபேறு வந்தது. இரண்டு ஏ, ஒரு பி. உரும்பிராய்ச் சந்தியில் அவளுடைய படம் போட்ட பதாகை ஒரு மாதம் தொங்கியது. அதன் வசனத்தை எழுதியதும் நான்தான். சந்திக்குக் கிட்ட ஒரு கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி அடிப்பது, படிவம் நிரப்புவது, கந்தோர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது. எங்கள் பகுதியிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பதினேழு பிள்ளைகளின் விண்ணப்பங்கள் என் கையால் போனவை. ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

யாழ்ப்பாணத்திலேயே அவளுக்கு இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரலாம் என்று சொன்னாள். சைக்கிளில் போய்வரவா நான் கேபிளை வெட்டினேன்? பதினெட்டாவது விண்ணப்பத்தை அவளுக்காக எழுதினேன். போன வருடம் புரட்டாதி மாதம் அவள் இங்கிலாந்துக்குப் போனாள். முகாமைத்துவம், மூன்று வருடம்.

முதல் மாதம் ஒரு நாளைக்கு ஆறு தரம், ஏழு தரம் அம்மாவுக்கு எடுத்தாள். அம்மாவின் பெயர் பாலேஸ்வரி. அப்பாவோடு தோட்டத்தில் நின்று வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டினவள், போன் அடித்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

"அம்மா, குசினியைக் காட்டுங்கோ."

"குசினியிலை என்னத்தைப் பிள்ளை பாக்கப் போறாய்? கரிச்சட்டிதான் கிடக்கு."

"அதைத்தான் காட்டுங்கோ."

அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் நடப்பாள். குசினி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், கொடியில் காய்கிற சாரம் எல்லாம் காட்டுவாள். அங்கே அவள் விக்கி விக்கி அழுவாள், இங்கே அம்மா மூக்கைச் சிந்துவாள். வகுப்புக்குப் போகாமல் கட்டிலில் கிடந்துதான் எடுக்கிறாள் என்பது போனுக்குப் பின்னால் தெரிந்த போர்வையிலிருந்து எனக்கு விளங்கியது. ஐப்பசி நடுவில் முதலாவது சோதினையின் புள்ளி வந்தது. முப்பத்தொன்று.

அன்றைக்கே முடிவெடுத்தேன். உயர்தரத்தில் தொலைக்காட்சி. இப்போது அம்மா. வெட்டவேண்டிய கம்பி எது என்று கண்டுபிடித்தால் மிச்சம் தானாக நடக்கும்.

அம்மாவையும் அப்பாவையும் இருத்திச் சொன்னேன். "இனி இந்தப் போன் என்னோடை கடைக்கு வரும். சுபா ஒரு ஒப்படை எழுதி முடிச்சு, பல்கலைக்கழகத்துக்குக் குடுத்ததுக்கான துண்டையும் எழுதின கோப்பையும் எனக்கு அனுப்ப வேணும். அனுப்பினால் அண்டைக்குப் பின்னேரம் கால்மணித்தியாலம் அம்மாவோடை கதைக்கலாம். அனுப்பாட்டில் கதையில்லை."

"அதென்னடா, சந்தையிலை சாமான் நிறுக்கிறது போலை," என்றாள் அம்மா.

"அப்ப முப்பத்தொண்டோடை திரும்பி வரட்டும். சந்தியிலை எல்லாருக்கும் நீங்களே விளக்கம் சொல்லுங்கோ."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். தியாகராசா என்ற என் தகப்பன் வாழைக்கன்றுக்கு அதிகமாகவும் மனிதருக்குக் குறைவாகவும் கதைக்கிறவர். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார். "அவன்தானே படிப்பிச்சவன். அவன் சொல்லுறபடி செய்," என்றுவிட்டு எழும்பிப் போனார்.

சுபாவுக்கும் அப்படியே சொன்னேன். அவள் முதலில் பகிடி என்று நினைத்தாள். மூன்றாம் நாள் அப்பாவின் பழைய பொத்தான் போனுக்கு எடுத்திருக்கிறாள். அப்பா, "கொண்ணையைக் கேள் பிள்ளை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு அவள் எடுக்கவில்லை.

பத்தொன்பது நாள் அம்மாவும் மகளும் கதைக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒப்படை வந்தது. இரண்டாயிரத்து நூறு சொல். கொடுத்த துண்டில் திகதி, நேரம், இலக்கம் எல்லாம் இருந்தன. பின்னேரம் ஆறு மணிக்குப் போனை அம்மாவின் கையில் கொடுத்தேன். அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, நல்ல சீலை உடுத்திக் கதிரையில் இருந்தாள். கால்மணித்தியாலத்தில் பாதிக்கு இரண்டு பேரும் அழுதார்கள். அது அவர்களுடைய நேரம், அதை எப்படிச் செலவழித்தால் எனக்கென்ன. புள்ளி ஐம்பத்தெட்டு வந்தது.

"கண்டியளோ?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஒப்படைக்கும் ஒரு தேங்காய்.

அடுத்தது பத்து நாளில் வந்தது. அதற்கடுத்தது ஆறு நாளில். மார்கழி முடியும்போது கிழமைக்கு ஒன்று, சிலவேளை இரண்டு. கடையில் என் மேசைக்குப் பின்னால் ஒரு கடதாசி மட்டை தொங்கவிட்டு, வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி போட்டேன். துண்டைப் பார்ப்பேன், முன்பக்கத்தில் ஆங்கிலத் தலைப்பையும் அவளுடைய பெயரையும் பார்ப்பேன், கோப்பின் அடியில் கணினி காட்டுகிற சொற்களின் எண்ணிக்கையைப் பார்ப்பேன். இரண்டாயிரத்துக்குக் குறைந்தால் திருப்பி அனுப்புவேன். ஒருமுறை ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதுக்கு அப்படிச் செய்தேன். ஐந்து நிமிடத்தில் இரண்டாயிரத்து நாற்பதாக வந்தது. அந்த வருடத்துக்கான ஒப்படைகள் மொத்தம் எட்டு என்று பல்கலைக்கழகம் தந்த தாள் அதே மட்டையின் மூலையில்தான் குத்தியிருந்தது. அதை நான் பார்க்காமலில்லை. ரியூசனில் கெட்டிக்காரப் பிள்ளை பத்து வருட வினாத்தாள் செய்யச் சொன்னால் இருபது வருட வினாத்தாள் செய்யும். சுபாவும் அப்படித்தான் செய்தவள். மேலதிகமாகச் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைக்கு வந்த ஆட்களுக்கு மட்டையைக் காட்டினேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு யோசித்துக்கொண்டிருந்த இரண்டு தாய்மார் முறையைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். கோயில் ஐயர் அம்மாவைப் பகிடி பண்ணினார். "என்ன பாலேஸ்வரி அக்கா, உங்கடை மகள் படிச்சு முடியிறதுக்குள்ளை தென்னந்தோட்டம் ஒண்டு வாங்க வேண்டிவரும் போலை." அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்ததை நான் கனகாலம் காணவில்லை.

தைப்பொங்கலன்று காலை சுபா எனக்கு எடுத்தாள்.

"அண்ணை, பானை பொங்கிற நேரம் மட்டும் காட்டுங்கோ. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

"இண்டைக்கு ஒப்படை இருக்கோ?"

"இண்டைக்குப் பொங்கல், அண்ணை."

"அங்கை லீவோ?"

"இல்லை."

"அப்ப எழுது."

பின்னேரம் கோப்பு வந்தது. இரண்டாயிரத்து முந்நூறு சொல், ஒரே நாளில். ஏலாது ஏலாது என்று அழுகிறவளுக்கு எப்படி ஏலுகிறது என்று அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினேன். அம்மா ஆறிப்போன பொங்கலைக் கோப்பையில் வைத்துக் காட்டினாள். சுபா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கதைக்கவில்லை. நேரம் முடிய நான் வெட்டினேன்.

ஆனி மாதம் இரண்டாம் கிழமை மயூரதன் கடைக்கு வந்தான். நீர்வேலிப் பெடியன், சுபா படிக்கிற அதே பல்கலைக்கழகத்தில் முதுமாணி செய்கிறவன், என் பதின்மூன்றாவது விண்ணப்பம். தன் தங்கச்சியின் கலியாணத்துக்கு ஊருக்கு வந்து நின்றவன், அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்தான்.

"எங்கடை சுபாவைக் காணுறனீரோ?" என்று கேட்டேன். "கதைக்க நேரமிருக்காது அவளுக்கு. இந்தக் கிழமை மட்டும் மூண்டு குடுத்திட்டாள்."

"என்னத்தைக் குடுத்தவ?"

"ஒப்படை."

அவன் சிரித்தான். பிறகு மட்டையைப் பார்த்தான். சரிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணை, நீங்கள் பகிடி விடேல்லைத்தானே?"

"என்ன பகிடி?"

"அவ மார்கழிக்குப் பிறகு வகுப்புக்கே வரேல்லையெல்லோ. மூண்டு தரம் கடிதம் போட்டவங்கள். சித்திரையிலை பேரை வெட்டிப்போட்டாங்கள். விசாவும் நிப்பாட்டியாச்சு. யூலை ஒன்பதாம் திகதிக்குள்ளை வெளிக்கிட வேணும். நான் கதவிலை போய்த் தட்டிக் கேட்டனான். வீட்டுக்குச் சொல்லியாச்சு, அண்ணைதான் கடைசி நாள் வரைக்கும் நிண்டு எழுதச் சொன்னவர் எண்டு சொன்னவ."

"என்னத்தை எழுத?"

"எனக்கென்னண்டு தெரியும்? போற நேரமெல்லாம் எழுதிக்கொண்டுதான் இருந்தவ."

அவனுக்குப் பிரதியை எடுத்துக் கொடுத்து, ஊரில் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று சத்தியமும் வாங்கி அனுப்பிவிட்டுக் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டேன். கோப்புகளை முதலாவதிலிருந்து திறந்தேன். இந்த முறை முன்பக்கத்தைத் தாண்டிப் போனேன்.

முதலாவது மட்டும் ஒழுங்கான ஆங்கிலம். இரண்டாவது, ஆங்கில முன்பக்கத்துக்குப் பிறகு தமிழ். சந்தைப்படுத்தலின் அடிப்படைகள் என்ற தலைப்புக்குக் கீழே, எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையில் யார் யாருடைய வேலி எதனால் ஆனது என்று வரிசையாக எழுதியிருந்தாள். கிளுவை, தகரம், பிறகு புது மதில், பிறகு எரிந்த பனைமட்டை. ஏழாவதில் அம்மா கடைசியாகக் கதைத்த கால்மணித்தியாலம் ஒரு சொல் விடாமல் இருந்தது. அம்மா இருமினால் 'இருமுகிறா' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாள். நான் 'நேரம் முடிஞ்சுது' என்று சொன்னதும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் முதல் பாதி முந்திய அழைப்பு. மற்றப் பாதியில் அம்மா அந்த நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று காலை ஐந்து மணியிலிருந்து கால்மணித்தியாலத்துக்கு ஒன்றாக எழுதியிருந்தாள். பொங்கலன்று அனுப்பினதில் பானை பொங்குகிற நேரம் மட்டும் நாலு பக்கம். நான் திருப்பி அனுப்பிய அந்த ஒன்றின் கடைசியில், குறைந்த சொற்களை நிரப்ப, 'அம்மா' என்று அறுபது தரம் அடித்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன். சரியாக அறுபது.

மற்றத் துண்டுகள் எல்லாம் முதலாவது துண்டிலிருந்து திகதியையும் இலக்கத்தையும் மாற்றிச் செய்யப்பட்டவை. சுத்தமான வேலை. படிவங்களோடு பழகிய எனக்கே பிடிபடவில்லை.

மொத்தம் நாற்பத்தொரு கோப்பு. எண்பத்தாறாயிரம் சொல். இவ்வளவையும் ஆங்கிலத்தில், கேட்ட கேள்விக்கு எழுதியிருந்தால் ஒரு பட்டமே எடுத்திருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரம் அதுதான்.

எடுத்துக் கேட்டேன். அவள் அழவில்லை.

"ஏன் இப்பிடிச் செய்தனி?"

"நீங்கள் துண்டு கேட்டனீங்கள். தந்தனான்."

"படிக்கிறதுக்கெல்லோடி கேட்டனான்!"

"படிச்சு ஒரு ஒப்படை எழுத மூண்டு கிழமை வேணும், அண்ணை. மூண்டு கிழமைக்கு ஒருக்கால் அம்மா. இப்பிடி எழுதினால் நாலைஞ்சு நாளைக்கு ஒருக்கால் அம்மா. கணக்குப் பாத்தன். படிக்கிறது எனக்குக் கட்டேல்லை."

"அங்கை இனி என்ன செய்யப் போறாய்?"

"வீட்டை வாறன்," என்றாள். குரல் அப்படிச் சந்தோசமாக இருந்தது. ஒன்பது மாதமாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு அன்று பின்னேரமே சொன்னேன். ஒளித்து வைக்கிற பழக்கம் எனக்கில்லை. அம்மா குந்தியிருந்து வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டு முடிய, கையில் இருந்த பிடியைக் கட்டி முடித்து, அடுத்த பிடியை எடுத்தாள்.

"அப்ப நான் உடைச்ச தேங்காய்?" என்று கேட்டாள்.

"என்ன?"

"பிள்ளையாருக்கு முன்னாலை நாற்பத்தொரு தேங்காய். பொய்க்கோ உடைச்சனான்? ஒவ்வொருக்காலும் 'எழுதிப்போட்டியோ' எண்டு கேப்பன். 'ஓம் அம்மா' எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுவாள். ஐயர் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?" குவியல் முழுவதையும் கட்டி முடித்துவிட்டுத்தான் எழும்பினாள்.

யூலை ஏழாம் திகதி கட்டுநாயக்காவுக்கு நான் மட்டும் போனேன். யன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட வான் பிடித்தேன், தெரிந்தவனுடையதல்ல, வவுனியாவில் ஒருவனுடையது. திரும்பி வருகிற நாளைப் பார்த்துத்தான் தெரிவு செய்தேன். அம்மன் கோயில் தேர் அன்று. காலை பத்து மணிக்கு ஊர் முழுக்க வடத்தில் நிற்கும், ஒழுங்கையில் நாய் மட்டும்தான்.

வழி முழுக்க அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனையிறவு கடந்தபோது சிரித்தாள். கோப்பாய் தாண்ட, "அண்ணை, மேளம் கேக்குது. தேரோ?" என்றாள்.

"ஓம்."

"ஒருக்கால் அந்தப் பக்கத்தாலை..."

"சீற்றிலை சரிஞ்சு படு."

"ஏன்?"

"ஏனெண்டால் நீ இப்ப இங்கிலாந்திலை நிக்கிறாய்."

அவள் சரிந்து படுத்தாள். நான் விளங்கப்படுத்தினேன். இன்னொரு நாட்டில் தை மாதம் ஒரு கற்கைநெறி தொடங்குகிறது, விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். அதுவரை அறைக்குள்ளே இருந்து ஆங்கிலச் சோதினைக்குப் படிக்க வேண்டும். மாறிப் போனதாகச் சொன்னால் மேற்படிப்பு. திரும்பி வந்ததாகத் தெரிந்தால் அவளுக்குப் பின்னால் நான் எழுதப்போகிற ஒரு விண்ணப்பத்தையும் யாரும் என்னிடம் தரமாட்டார்கள். என் பிழைப்பைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அம்மா வீட்டிலை நிக்கிறாவோ, தேருக்குப் போட்டாவோ?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா வீட்டில்தான் நின்றாள். வான் வளவுக்குள் வந்து படலை சாத்திய பிறகு சுபா இறங்கி ஓடினாள். அம்மா குசினி வாசலில் நின்றவள், அவள் கிட்ட வர, திரும்பி உள்ளே போய் அடுப்பை ஊதத் தொடங்கினாள். சுபா பின்னால் போய்த் தோளைப் பிடித்தாள். அம்மா ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அம்மா."

அம்மா ஊதுகுழலைக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, நான் வந்திட்டன்."

"கஜீபன்," என்று அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அறைக்குள்ளை பாய் போட்டுக் கிடக்கு. சோறும் மூடி வைச்சிருக்கிறன்."

ஆறு கிழமை அப்படித்தான் போனது. மூன்று நேரமும் அம்மா கோப்பையை அறை வாசலில் கதிரையில் வைத்துவிட்டுப் போவாள். சுபாவுக்குப் பிடித்ததுதான் சமைப்பாள். ஒடியல் கூழ்கூட ஒருநாள் வைத்தாள். முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். சுபா முதல் கிழமை கதவடியில் இருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். இரண்டாம் கிழமை அம்மா நடமாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அப்பா தோட்டத்திலிருந்து வரும்போது கொய்யாப்பழம் ஏதும் கொண்டுவந்து கதிரையில் வைத்துவிட்டுப் போவார்.

ஆவணி நடுவில் ஒரு பின்னேரம் றஜனி மாமி வந்தாள். அப்பாவின் கடைசித் தங்கச்சி, மூன்றாம் ஒழுங்கையில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்கு உயர்தரச் சோதினை வருகிறது.

"எங்கடை சீமாட்டியோடை ஒருக்கால் கதைக்க வேணுமடா," என்று கதிரையில் இருக்கமுன்னமே தொடங்கினாள். "இங்கிலாந்துக்குப் போனதிலை இருந்து மாமியெண்டு ஒருத்தி இருக்கிறதே மறந்துபோச்சு அவவுக்கு. எடு, எடு. என்ரை குமரிக்கு நாலு புத்தி சொல்லச் சொல்லுவம்."

"அங்கை இப்ப பகல் பன்ரண்டரை, மாமி. வகுப்பிலை நிப்பாள்."

"நிண்டால் என்ன, ஒரு சொட்டு நேரம். நானென்ன சீதனமோ கதைக்கப் போறன்?"

இதற்கும் ஒழுங்கு செய்திருந்தேன். சுபாவின் போன் சத்தமில்லாமல் அதிரும்படி இருந்தது. அறையில் மின்விசிறியைக் கூட்டிவிட்டு, மெல்லக் கதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அம்மாவின் போனிலிருந்து எடுத்து மாமியிடம் கொடுத்தேன்.

"வீடியோவிலை போடன், நிறம் வெளுத்தவளோ பாப்பம்."

"வகுப்பிலை அது ஏலாது, மாமி."

"என்னடி பிள்ளை, சுகமோ?" என்று மாமி கத்தினாள், கடலுக்கு அப்பால் கேட்கவேண்டும் என்று. "அங்கை என்ன குளிரோ?"

சுவருக்கு அந்தப்பக்கம் பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்து பதில் போயிருக்கும். மாமி தலையாட்டிக்கொண்டு கேட்டாள். அந்த நேரம் பாண் விற்கிறவனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. மாமி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள்.

"இதென்னடி, இஞ்சையும் பாண்காரன், உங்கையும் பாண்காரனோ?"

கொஞ்ச நேரம் கழித்து மாமி வாய்விட்டுச் சிரித்தாள். "கேட்டியளோ, மச்சாள்? அது ஐஸ்கிறீம் வானாம். வெள்ளைக்காரனும் உப்பிடித்தான் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவானாம். உலகமெல்லாம் ஒண்டுதான்!"

அந்தக் கெட்டித்தனத்துக்கு எத்தனை புள்ளி கொடுத்தாலும் தகும் என்று நினைத்தேன்.

"இந்தா, கொம்மா இருக்கிறா, கதை," என்று மாமி போனை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா அதை வாங்கவில்லை. மாமி அவளுடைய கையைப் பிடித்து, அதற்குள் போனை வைத்துக் காதுக்குத் தள்ளிவிட்டாள். "என்ன மச்சாள், மகளோடை கதைக்கவும் வெக்கமோ?"

அம்மா கண்ணை மூடினாள்.

"என்ரை குஞ்சு," என்றாள்.

நான் மாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சந்தேகப்படுகிறாளோ என்று. மாமி பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியோ, அம்மா? என்ன சாப்பிட்டனி? உறைப்புக் கூடவோ? மெலிஞ்சுபோனியோ, ராசாத்தி? தலைக்கு எண்ணெய் வைக்கிறனியோ? அங்கை ஆர் உனக்குப் பேன் பாக்கிறது?" அம்மா நிறுத்தாமல் கேட்டாள். ஆறு கிழமையாகக் கேட்காததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வந்தது. கண்ணைத் திறக்கவேயில்லை. கன்னத்தால் வடிந்து போன் நனைந்தது. மாமிக்கும் கண் கலங்கிவிட்டது. "தாயெண்டால் தாய்தான்," என்று எனக்குச் சொன்னாள்.

மாமி போன பிறகு அம்மா போனை மேசையில் வைத்தாள். அறைக்கதவு மெல்லத் திறந்தது. சுபா வாசலில் நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பும் கண்ணீருமாக, ஒரு கையில் இன்னும் போன். "அம்மா," என்றாள்.

அம்மா அவளைத் தாண்டிக் குசினிக்குப் போனாள். கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது.

சுபா கதவைச் சாத்தினாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சத்தமில்லை. யோசிக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் பின்னேரம் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நான் விறாந்தையில் இருந்து அவளுடைய புது விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த அம்மாவின் போன் அடித்தது. திரையில் சுபாவின் படம், விமானநிலையத்தில் நான் எடுத்தது. அறைக்கதவு சாத்தியிருந்தது.

அம்மா குசினியிலிருந்து வந்தாள். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். போனை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், அறையைப் பார்க்காமல், கிணற்றடிக்குப் போய்க் கிணற்றுக் கட்டின்மேல் இருந்தாள்.

"ஓம் பிள்ளை, சொல்லு," என்பது எனக்குக் கேட்டது.

நான் இருந்த இடத்திலிருந்து இரண்டு குரலும் கேட்டன. ஒன்று கிணற்றடியிலிருந்து, மற்றது கதவுக்குப் பின்னாலிருந்து.

"சாப்பிட்டன் அம்மா. நீங்கள்?"

"நான் இனித்தான். கொப்பர் தோட்டத்தாலை வரவேணும். மேலுக்குக் கம்பளி போட்டிருக்கிறியோ?"

"போட்டிருக்கிறன்."

"இரவிலை தனியக் கிடக்கப் பயமில்லையோ?"

"பழகியிட்டுது, அம்மா."

அம்மா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எப்ப பிள்ளை வாறாய்?"

கதவுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, தெளிவாக, அவசரப்படாமல், அவள் சொன்னாள்:

"படிப்பு முடிய வாறன், அம்மா."

"ஓம். முடிச்சுக்கொண்டே வா, குஞ்சு. நான் பாத்துக்கொண்டிருப்பன்."

வேலிக்கு அங்காலே பக்கத்து வளவுக்காரி வாளியோடு வந்து நிற்கிறது தெரிந்தது. தண்ணீர் ஊற்றாமல் காது கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் பேனையை வைத்துவிட்டு எழும்பி, அம்மாவுக்குத் தெரியக் கையைக் காட்டினேன், இன்னும் கொஞ்சம் உரத்துக் கதைக்கச் சொல்லி.